ஃபிக்ஸ் பண்ணிட்டேன் சார்

திரை முழுக்கச் சிவப்பு.

காலை ஒன்பதே கால். கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை. நான் மாற்றியது ஒரே ஒரு எண். அறுநூறு என்று இருந்ததை அறுநூற்று எண்பது என்று அடித்து ஓகே கொடுத்தேன். செய்த பாவம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இடதுபக்கப் பட்டியலில் வரிக்கு வரி சிவப்புக் குறி முளைக்க ஆரம்பித்தது. ஒன்று, நான்கு, பதினொன்று. எண்ணுவதை நிறுத்திவிட்டு டீயைக் குடித்தேன். நடுவிலிருந்த டிரம் மட்டும் சமர்த்தாகச் சொன்னபடி பெரிதாகியிருந்தது. மற்றபடி, செயின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பேரிங் ஒன்று தன் வீட்டை விட்டு வெளியேறி எதிர்ப்பக்கம் குடிபோயிருந்தது. பிரேக் பட்டை தலைகீழாகத் திரும்பிக்கொண்டு நிம்மதியாக நின்றது.

பின்னால் மோகன் சார் வந்து நின்றார். எங்கள் டிசைன் டிபார்ட்மென்டின் தலைவர். டிபார்ட்மென்ட் என்றால் அவரும் நானும். அவர் தலைவர் என்றால் மீதி யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். சாயங்காலம் டிராயிங் கீழே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும் என்று நினைவூட்டினார். பிறகு அந்தப் பொன்மொழியை உதிர்த்தார்.

“இந்தச் செவப்பெல்லாம் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் ஃபிக்ஸ் பண்ணிடு.”

பெரிய சக்கரம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் டிப்ளமோ படிப்பின் வீரதீரங்களைப் படித்த ஒருவர், ‘அப்புறம் என்னதான் வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டு எழுதியிருந்தார். என் அம்மாவும் அதே கேள்வியைத்தான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே இருவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நின்று பெருமூச்சு விடும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பட்டறை. மரியாதையாகச் சொன்னால் தொழிற்சாலை. விசைப்படகுகளில் வலையை இழுக்கும் வின்ச் செய்து கொடுப்பார்கள். ஒரு பெரிய டிரம், அதில் சுற்றும் இரும்புக் கயிறு, டிரம்மின் அச்சைத் தாங்க இரண்டு பக்கத் தகடுகள், அடியில் ஒரு மேடை. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் முதலில் முழு உருவமாகக் கட்டிப் பார்த்து, அதிலிருந்து அளவு போட்ட டிராயிங் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எங்கள் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. எங்களுக்காக என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டருக்காக. அப்படியும் எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள் எப்படியோ உள்ளே வந்து கீபோர்டில் உட்கார்ந்துவிடும். மதியத்துக்குள் என் விரல் நுனி பத்தும் கறுத்துவிடும்.

காசிமேட்டில் ஸ்டெல்லா அக்கா என்று ஒருவர். இரண்டு படகுகளின் சொந்தக்காரர். கிட்டத்தில் மீன் இல்லை, ஆழத்துக்குப் போக வேண்டும், அதற்கு நீளக் கயிறு வேண்டும், நீளக் கயிறு சுற்றப் பெரிய டிரம் வேண்டும் என்று கேட்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

டிரம்மின் விட்டம் எண்பது மில்லிமீட்டர் கூடினால், ஒவ்வொரு பக்கமும் நாற்பது கூடும். அடியில் மேடை இடிக்காமல் இருக்க அச்சும் நாற்பது மேலே போக வேண்டும். முந்நூற்று ஐம்பதில் இருந்த அச்சு, முந்நூற்றுத் தொண்ணூறுக்கு. இதற்கு இன்ஜினியரிங் எல்லாம் வேண்டாம். சைக்கிளுக்குப் பெரிய சக்கரம் போட்டால் அச்சு மேலே ஏறும் என்பது சைக்கிள் கடை வைத்திருக்கும் யாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். அதுதான் இந்தக் கதையில் அசிங்கமான பகுதி.

எங்கள் பிளாக்கின் கொடிக்கயிறு

இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் எம்.கே.பி. நகரில் வளர்ந்த குடியிருப்பைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் பிளாக்கில் துணி காயப்போட யாரும் கம்பம் நட்டதில்லை. எங்கள் கொடிக்கயிற்றின் ஒரு முனை எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில். எதிர்வீட்டுக் கொடியின் முனை எங்கள் கதவு நாதாங்கியில். மாடி வீட்டுக்காரர் கொடி எங்கள் இருவருடைய கொடிகளும் சந்திக்கும் இடத்தில். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் புதுசு வைத்தார். மூன்று குடும்பத்துச் சலவை சேற்றில் விழுந்தது. ஜன்னல் மாற்றியது அவர் உரிமை என்பதை எங்கள் அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மகானுபாவர் வின்ச்சை அப்படித்தான் கட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு பாகத்தை இன்னொன்றோடு சேர்க்க ‘மேட்’ என்று ஒன்று கொடுப்போம். இந்த முகம் அந்த முகத்தோடு ஒட்டட்டும், இந்த வளையம் அந்த ஓட்டையோடு சேரட்டும் என்பது மாதிரி. அவர் கண்ணில் எந்த முனை பளபளத்ததோ அதைப் பிடித்துக் கட்டியிருந்தார். பேரிங்கை டிரம்மின் விளிம்பில். பக்கத் தகட்டைப் பேரிங்கின் போல்ட்டில். மேடையைப் பக்கத் தகட்டின் மழுங்கிய மூலையில். டிரம் பெரிதானதும் அவர் பிடித்த விளிம்பு காணாமல் போனது. பிறகென்ன, மூன்று குடும்பத்துச் சலவைதான்.

பாகங்களுக்கும் பெயர் வைக்கவில்லை. பார்ட் ஒன்று, பார்ட் இரண்டு என்று வரிசையாக நாற்பத்தேழு வரை. அவர் இப்போது துபாயில் நல்ல சம்பளத்தில் இருப்பதாகக் கேள்வி. எங்கிருந்தாலும் வாழ்க.

ஒரே சொல்

அந்தச் சிவப்பை ஒழுங்காகச் சரிசெய்ய இரண்டு நாளாவது வேண்டும். என்னிடம் இருந்தது சாயங்காலம் வரை.

கம்ப்யூட்டரில் ‘ஃபிக்ஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பாகத்தின் மேல் வலது கிளிக் செய்து அதைக் கொடுத்தால், அந்தப் பாகம் இருந்த இடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றுவிடும். யாரோடும் ஒட்டோ உறவோ தேவையில்லை. உறவுகளையெல்லாம் அழித்துவிட்டால் சண்டையும் இல்லை, சிவப்பும் இல்லை.

மோகன் சார் சொன்ன ஃபிக்ஸ், பழுது பார் என்கிற ஃபிக்ஸ். நான் செய்த ஃபிக்ஸ், ஆணி அடி என்கிற ஃபிக்ஸ்.

அப்போது எங்கள் வீட்டிலும் இதே சொல் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூர்ப் பையன் ஒருவனை எனக்கு ஃபிக்ஸ் பண்ணும் வேலை. என் சம்மதம் ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் முடிந்துவிட்டது என்று பெரியம்மா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அந்த வாரம் என் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்தாலும் ஆணி அடிப்பது மாதிரிதான் கேட்டது என்று ஒரு சாக்குச் சொல்லலாம். சொன்னால் யாராவது நம்பவும் கூடும்.

உண்மை என்னவென்றால், எனக்கு இரண்டு ஃபிக்ஸுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சிதறியவற்றைக் கையால் இழுத்துக் குத்துமதிப்பாகப் பழைய இடத்தில் வைத்தேன். வரிசையாக ஆணி அடித்தேன். சிவப்பு மறைந்தது. மோகன் சார் எட்டிப் பார்த்தார்.

“ஃபிக்ஸ் பண்ணிட்டியா?”

“ஃபிக்ஸ் பண்ணிட்டேன் சார்.”

இருவரும் உண்மையைத்தான் பேசினோம். அவர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத் தகட்டில் அச்சு நுழையும் ஓட்டையின் உயரம் பழைய முந்நூற்று ஐம்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தகடு டிரம்மை மறைத்துவிடும், அதனால் அடியில் இடிப்பது காகிதத்தில் தெரியாது. காகிதம் கீழே போனது.

ஒரு சுற்று

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, முற்றத்தில் வைத்து வின்ச்சை ஓட்டிப் பார்த்தார்கள். டிரம் முக்கால் சுற்றுக்கூட முடிக்கவில்லை. மேடையிலிருந்த போல்ட்டின் தலையில் இடித்து, பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். ஸ்டெல்லா அக்கா வந்திருந்தார். மேலே எங்கள் ஜன்னல்வரை அவர் குரல் கேட்டது.

“இன்னா நைனா இது, மீன் புடிக்கக் கேட்டா மாவு மிசினு குட்த்துகீறீங்க?”

மோகன் சார் அவரைச் சமாதானப்படுத்தக் கீழே ஓடினார். ஓடும்போதே, டிராயிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் திறந்து பார்த்தேன். முந்நூற்று ஐம்பது.

ஸ்டெல்லா அக்கா லேசில் சமாதானமாகிறவர் இல்லை. எனக்குப் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை கிடைத்தது. இரண்டு நாள் வேலையை நாலு மணி நேரத்தில் முடித்தேன். பயம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும்.

முதலில் மூன்றே மூன்று தளங்களைப் போட்டேன். மேடையின் தரை ஒன்று, அச்சு போகும் மட்டம் ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒன்று. எங்கள் பிளாக்கில் யாரும் நடாத அந்தக் கம்பங்கள். ஒவ்வொரு பாகத்தையும் அந்தத் தளங்களோடு மட்டும் கட்டினேன், பக்கத்து வீட்டு ஜன்னலோடு அல்ல. டிரம் எத்தனை பெரிதானாலும் தளம் தொலைந்துபோகாது. பாகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தேன். கடைசியாக ஒரு சூத்திரம் எழுதினேன்: அச்சின் உயரம் என்பது டிரம் விட்டத்தில் பாதி, கூட்டல் ஐம்பது.

ஐந்நூறு கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் இறங்கின. எண்ணூறு கொடுத்தேன். எல்லாம் ஏறின. ஒரு சிவப்புக்கூட இல்லை. வேண்டுமென்றே அறுநூற்று ஐம்பத்தைந்து என்று கோணலாக ஓர் எண் கொடுத்தேன். சத்தமில்லாமல் மாறிக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலையில் அத்தனை சந்தோஷப்பட்ட நாள் எனக்கு அதுவரை கிடையாது.

அறுநூற்று எண்பதுக்குத் திரும்பிவந்து, சேமித்து, டிராயிங்கைத் திறந்தேன். அதுவும் தானாக மாறியிருந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு. அழகாக, நடுவில். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்பதுதானே இந்த மென்பொருளின் பெருமை.

டிராயிங்கின் மூலையில், இது எத்தனையாவது திருத்தம் என்று எழுதும் ஒரு கட்டம் உண்டு. அங்கே ஒன்று என்று இருந்தது. அளவு பிறகு மாறியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய, அதை இரண்டு என்று மாற்ற வேண்டும். ஒரு நொடி வேலை. நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறு கீது சார்

நாலு மணிக்கு ஆரோக்கியத்தை மேலே கூப்பிட்டார்கள்.

ஆரோக்கியம் போரிங் மெஷின் ஆபரேட்டர். ராயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பக்கத் தகட்டில் ஓட்டை போட்டது அவர்தான். ஏழு வருஷமாக கான்ட்ராக்ட். நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் அந்த முறைதான் முதல்முதலாக அவர் பெயர் ஏறியிருந்தது. சனிக்கிழமை பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அதற்குள் யார் மேலாவது ஒரு புகார் பதிவானால் பெயர் அடிபடும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

காகிதத்தில் முந்நூற்று ஐம்பது என்றுதான் பார்த்ததாக அவர் சொன்னார். காகிதம் எங்கே என்று மோகன் சார் கேட்டார். எங்கள் தரக்கட்டுப்பாட்டு முறைப்படி, வேலை முடிந்த டிராயிங்கை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும், ஸ்டோரில் அதைக் கிழித்துவிட வேண்டும். ஒரு பேனா கேட்டால் பத்து நாள் இழுக்கும் ஸ்டோர், இதை மட்டும் திங்கட்கிழமையே கிழித்து முடித்திருந்தது.

மோகன் சார் என் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஆரோக்கியம் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டுவது சாருக்கு ஒரு பொழுதுபோக்கு.

“இங்க இன்னா கீது, நீயே படி.”

ஆரோக்கியம் குனிந்தார். எண்ணுக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வோர் இலக்கமாக நகர்த்திப் படித்தார். என்னைப் பார்த்தார். நான் கீபோர்டின் கரித்தூளைப் பார்த்தேன்.

“தொண்ணூறு கீது சார்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் வாதாடவில்லை. கம்ப்யூட்டரோடு வாதாட முடியுமா என்ன. மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, வாசலில் கழற்றிவைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை திறக்கவில்லை. வியாழக்கிழமையும் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பெரம்பூர்ப் பையனின் போட்டோவைப் பார்த்து மூக்கு சரியில்லை என்றேன். கேவலமான மூன்று நாட்கள்.

நாலாவது கட்டம்

வெள்ளிக்கிழமை காலை மோகன் சார் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். ஆரோக்கியத்துக்கு மெமோ தமிழில் கொடுக்க வேண்டும், எனக்குத்தான் தமிழ் டைப்பிங் நன்றாக வரும், ஆகவே அடித்துக் கொடு என்றார்.

அடித்தேன். ‘வரைபடத்தில் குறிப்பிட்ட அளவைக் கவனக்குறைவாகத் தவறாகப் படித்த காரணத்தால்’ என்பது வரை அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த வரியை மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

“சார், அவர் படிச்சது சரிதான். பேப்பர்ல முந்நூத்தம்பதுதான் இருந்துச்சு. இடிச்ச அன்னைக்குத்தான் நான் மாத்தினேன்.”

மோகன் சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எல்லாவற்றையும் ஃபிக்ஸ் பண்ணத்தானே சொன்னேன் என்றார். ஃபிக்ஸ்தான் பண்ணினேன் என்றேன். இரண்டு ஃபிக்ஸையும் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது. டிராயிங்கில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் இருந்தது அவர் கையெழுத்து.

பிறகு அவர் ரொம்பக் கனிவாகப் பேசினார். நான் சின்னப் பெண், முன்னேற வேண்டியவள், கல்யாணம் வேறு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆரோக்கியத்துக்கு அடுத்த பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம், ஏழு வருஷம் இருந்தவர் இன்னும் இரண்டு வருஷம் இருக்க மாட்டாரா? தவிர, எழுதலாம் என்றாலும் வழியில்லை என்று புகார்ப் படிவத்தை எடுத்துக் காட்டினார். தவறு யாருடையது என்று கேட்டு அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஆபரேட்டர், ஃபிட்டர், வெல்டர். டிசைன் என்று ஒரு கட்டமே இல்லை. நாங்கள் தப்பே செய்ய முடியாதபடி அந்தப் படிவத்தை வடிவமைத்திருந்தார்கள். அதுவும் யாரோ டிசைன் ஆள் போட்ட படிவமாகத்தான் இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் மீதி. அவர் பேனாவையே எடுத்து, ஸ்கேல்கூட இல்லாமல், வெல்டருக்குக் கீழே கோணலாக ஒரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் ‘டிசைன்’ என்று எழுதி, டிக் அடித்து, கையெழுத்துப் போட்டேன். நேராகக் கீழே இறங்கிப் போய் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று முடிவாயிற்று. மெமோவும் வந்தது. அதையும் நான்தான் டைப் செய்தேன். பாதி ஏற்கெனவே அடித்து வைத்திருந்ததால் பெயரையும் காரணத்தையும் மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. மோகன் சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அந்த வகையில் லாபம்தான்.

ஆரோக்கியம் புதுத் தகடுகளில் ஒரே நாளில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஸ்டெல்லா அக்காவின் படகு தடைக்காலம் முடிந்த அன்றே கடலுக்குப் போனது. பட்டியலும் ஆரோக்கியத்தின் பெயரோடு போனது.

கேக்

இரண்டு மாதம் கழித்து ஆரோக்கியத்துக்கு நிரந்தர ஆணை வந்தது. ராயபுரம் பேக்கரி ஒன்றிலிருந்து பிளம் கேக் வாங்கிவந்து பட்டறை முழுக்கக் கொடுத்தார். கடைசியாக எங்கள் அறைக்கும் வந்தார். நான் எழுந்து நின்றேன். அதுவரை அவரிடம் நேருக்கு நேராக மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கேட்டேன். அதெல்லாம் வுடு மேடம் என்று ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன். கறுப்பு ஃபிரேமில் கண்ணாடி போட்டிருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“அந்த பேஜார் நடந்தப்போ வாங்கிகினது மேடம். தொண்ணூறத்தான் அம்பதுன்னு படிச்சிட்டமோன்னு புதன்கியமையே கண்ணு டாக்டரான்ட போனேன். கண்ணு நல்லா கீது, கண்ணாடி வாணாம்னாரு. நான்தான் நம்பல. கெஞ்சி கேட்டு வாங்கிகினேன்.”

பவர் இல்லாத வெறும் கண்ணாடி. எல்லாம்தான் தெரிந்துபோயிற்றே, இனிமேல் கழற்றிவிடலாமே என்றேன்.

அவர் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

“பயகிப்போச்சு மேடம்.”